வலப்பக்கச் சங்கிலி

அம்சவேணி ஒரு டாங்கியை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தபோது அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. அது ஒரு சாண் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் டாங்கி. அதுவும் முழுசாக வரவில்லை. நூறு நூற்றைம்பது துண்டுகளாக ஒரு அட்டைப் பெட்டிக்குள் கிடந்தது. 1999 ஆவணியில் குன்னூரிலிருந்து தபாலில் வந்த பெட்டி அது.

அவள் கணவர் அர்த்தநாரி பட்டாளத்தில் இருபது வருஷம் டாங்கி ஓட்டியவர். சேந்தமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம். கல்யாணம் 1974இல் நடந்தது. வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவில் வருவார், வயலில் இறங்கி வேலை பார்ப்பார், போய்விடுவார். அவர் ஓட்டிய வண்டியைப் பற்றி அவள் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. ஓய்வு பெற்று வந்தபின் கீழே இருந்த நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, மலையில் வாசலூர்பட்டிக்கு மேலே மூன்று ஏக்கர் வாங்கினார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றினார்கள். பத்துப் பன்னிரண்டு பலா மரங்கள், கொஞ்சம் சாமை. ஒரே மகள் கௌசிகாவைத் திருச்செங்கோட்டில் கட்டிக் கொடுத்தார்கள்.

1998இல் அர்த்தநாரியின் வலது கைக் கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. பிறகு கை முழுதும். நாமக்கல்லில் டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார். எழுதிய காகிதத்தைப் பார்த்தார். எழுத்து வரவரச் சிறுத்து, வரியின் கடைசியில் எறும்பு அளவுக்குப் போயிருந்தது.

"இது போகாதும்மா. மாத்திரை கொடுத்து மெதுவாக்கலாம். அவ்வளவுதான் நம்மால முடியும்," என்றார் அம்சவேணியிடம்.

பெட்டியை அனுப்பியவர் மேஜர் பெள்ளியப்பா. எழுபத்தொன்று யுத்தத்தில் அர்த்தநாரி ஓட்டிய டாங்கியின் கமாண்டர். குடகுக்காரர், ஓய்வுக்குப் பின் குன்னூரில் இருந்தார். ஆங்கிலத்தில் எழுதியிருந்த கடிதத்தை அர்த்தநாரி எழுத்துக் கூட்டிப் படித்து மனைவிக்குச் சொன்னார். நம்முடைய வண்டி இது, அதே ரகம். எனக்குக் கண் தெளிவில்லை. உன்னைவிட இதை அறிந்தவன் இல்லை. நீ செய்து வை, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

கை நடுங்குவதை அர்த்தநாரி மேஜருக்கு எழுதவில்லை. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொஞ்ச நேரம் கை அடங்கும். அந்த நேரத்தில் உட்கார்ந்து ஒட்டுவார். ஒரு மாதத்தில் அடி உடம்பும் மேல் மூடியும் பீரங்கிக் குழாயும் உருவாகிவிட்டன. சக்கரம் பூசுவதில்தான் மாட்டிக்கொண்டார். ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அளவு. நடுவில் பச்சை, சுற்றிலும் ரப்பர் வளையம் கறுப்பு. இரண்டும் சேரும் கோடு பிசிறில்லாமல் வட்டமாக வரவேண்டும். அவர் தூரிகையைக் கொண்டு போனதும் கறுப்பு பச்சைக்குள் இழுத்துக்கொண்டு ஓடியது. துடைத்தார். மறுபடி பூசினார். மறுபடி ஓடியது. நான்கு நாள் இப்படிப் போனது. ஐந்தாம் நாள் தூரிகையை மேஜைமேல் வைத்துவிட்டு வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மிளகுக் கொடிக்கு மண் அணைத்துவிட்டு வந்த அம்சவேணி அதைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நான் பூசட்டுங்களா?"

"உனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுங்க. சொல்லுங்க, பண்றேன்."

அவள் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு தூரிகை பிடித்ததில்லை. முதல் சக்கரம் அவர் பூசியதைவிட மோசமாக வந்தது. இரண்டாவதற்கு அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. சக்கரத்தின் நடுவில் சின்னத் துளை இருந்தது. சாமி மாடத்தில் எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியை எடுத்துத் துளையில் செருகினாள். சரியாக நின்றது. தூரிகையை அசையாமல் பிடித்துக்கொண்டு குச்சியை விரலால் உருட்டினாள். சக்கரம் சுற்றச் சுற்றக் கறுப்பு வளையம் தானாக விழுந்தது.

அர்த்தநாரி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "ஆமா," என்றார். அன்று மத்தியானம் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பக்கத்துக்கு ஐந்து சோடி. மொத்தம் இருபது சக்கரம். பின்னால் பல் வைத்த சக்கரம் இரண்டு, முன்னால் சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் சக்கரம் இரண்டு. நாளுக்கு ஒன்றோ இரண்டோ முடித்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார்.

"ரப்பரு அத்தன கறுப்பா இருக்காது புள்ள. கடையில தொங்கற டயரு வேற, ஓடுன டயரு வேற. லாரி டயரு பாத்திருக்கறயில்ல?"

அடுப்புச் சாம்பலைத் துணியில் சலித்துக் கறுப்புப் பெயிண்டில் கலந்தாள். "இதான்," என்றார். முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவில் மட்டும் இடைவெளி அதிகம் என்றார். அதை ஒரு மைல் தூரத்தில் இருந்தே கண்டுபிடித்து இது எங்கள் வண்டி என்று சொல்லிவிடலாம் என்றார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் இத்தனை பேசி அவள் கேட்டதில்லை. உடம்பு இறங்கிக்கொண்டே போகிற மனிதர் இப்படி வாய் திறந்து பேசுகிறாரே என்று அவளுக்கு ஒருபக்கம் ஆறுதலாகவும் இருந்தது.

தை பிறந்ததும் சங்கிலிக்கு வந்தார்கள். டாங்கி சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையை அவர் டிராக் என்பார், அவள் சங்கிலி என்பாள். பெட்டியில் அது இரண்டு நீளமான கறுப்பு ரப்பர் பட்டைகளாக இருந்தது. முதலில் கருந்தவிட்டு நிறம், மேலே துரு, அதன்மேல் காய்ந்த சேறு. வாசல் மண்ணைக் கரைத்துப் பூசினாள். அவர் தலையை ஆட்டினார்.

"இது நம்ம மலை மண்ணு, செவப்பு. அங்க மண்ணு வெளுப்பா இருக்கும். பஞ்சாப் பக்கம். ஈரமா இருந்தா எருமத் தோலாட்டம் இருக்கும்."

மறுபடியும் சாம்பல் உதவியது. சக்கரம் உரசுகிற இடங்களில் இரும்பு தேய்ந்து பளபளக்கும் என்றார். பென்சில் முனையைச் சீவி அந்தத் தூளை விரலால் தேய்த்தாள். இடது சங்கிலி பத்து நாளில் முடிந்தது. அர்த்தநாரி அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓட்டிரலாம்," என்றார்.

வலது சங்கிலியையும் அதே மாதிரிதான் பூசினாள். அவர் பார்த்தார், பிடிக்கவில்லை என்றார். எது பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதற்குள் டர்பன்டைனில் துணியை நனைத்து முழுவதையும் துடைத்துப் போட்டிருந்தார். அவள் மறுபடி பூசினாள். ஒரு வாரம் கழித்து அதையும் துடைத்தார். மூன்றாவது முறையும் அப்படியே செய்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. முற்றத்தில் பாய் விரித்து மிளகைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"அந்தப் பக்கமும் இதே பெயிண்டுதானுங்க. அதுல என்னத்தக் கண்டீங்க? இதுல என்ன இல்ல?"

"இது சுத்தமா இருக்குது."

"சேறு அப்பித்தானுங்க வெச்சிருக்கறேன்."

"சேறு இல்ல புள்ள."

அவர் கை ஆடிக்கொண்டிருந்தது. அதில் பிடித்திருந்த சங்கிலியும் ஆடியது. அவள் வந்து அதை வாங்கிக் கீழே வைத்தாள். அப்போது அவர் சொன்னார்.

யுத்தம் தொடங்கி ஐந்தாம் நாள். ஒரு கரும்புத் தோட்டத்து ஓரத்தில் வண்டியின் வலது டிராக் கழன்றுவிட்டது. கழன்றதைத் தரையில் நீட்டிப் போட்டு, வண்டியை அதன்மேல் மெதுவாக ஏற்றி, நுனியைப் பல்சக்கரத்தில் மாட்டி இரண்டு நுனியையும் இணைக்க வேண்டும். டிரைவர் சீட்டில் இருந்து பார்த்தால் முன்னால் தரை தெரியாது. எதிரில் நிற்கும் கமாண்டரின் கையைப் பார்த்துத்தான் நகர்த்த வேண்டும். ஞானப்பிரகாசம் என்று குண்டு நிரப்புகிற ஆள், குடியாத்தம் பக்கம், அர்த்தநாரிக்கு ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகிதன். அவன் கடப்பாரையோடு டிராக்கின் பக்கத்தில் குனிந்து அதை நேராக்கிக்கொண்டிருந்தான். கால் சேற்றில் வழுக்கியது.

"கமாண்டரு கை மேல போச்சு. நிறுத்துன்னு கை மேல போச்சு. நான் பாத்தேன். பாத்தும் என் காலு கேக்கல. ஒரு சாண். ஒரு சாண்தான் வண்டி போச்சு."

அம்சவேணி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டான். வண்டியப் பின்னால எடுத்தோம். ஆஸ்பத்திரி டென்ட்டுக்குப் போற வழியில, எதுக்குடா அழுகறேன்னு என்னைக் கேட்டான். அவ்வளவுதான்."

விசாரணை நடந்தது. யார் மேலும் குற்றமில்லை என்று எழுதினார்கள். அன்று சாயந்திரமே டிராக்கை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்ப வேண்டியிருந்தது. யார் கழுவுவது, எதை வைத்துக் கழுவுவது? அப்படியே ஓட்டினார். மூன்று நாள் அது டிராக்கில் இருந்தது. அடுத்த வருஷம் லீவில் குடியாத்தம் போனார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு மணி நேரம் நின்றார். திரும்பி சேலம் பஸ் ஏறிவிட்டார்.

"அப்ப இதுல என்ன நிறம் பூசட்டுமுங்க?" என்று அம்சவேணி மெல்லக் கேட்டாள். கேட்ட பிறகுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று அவளுக்கே உறைத்தது.

"தெரியல," என்றார்.

அதன்பின் ஒரு மாதம் டாங்கியைத் தொடவில்லை. பங்குனியில் ஒருநாள் அவராகவே சொன்னார். "அவன் ஊட்டுக்குப் போயிச் சொல்லோணும். என்னால போக முடியாது. போனாலும் நான் பேசறது அவங்களுக்குப் புரியாது." உண்மைதான். குரல் அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தது. "நீ போயிட்டு வா."

அவள் செம்மேட்டுக்குப் போய் டெலிபோன் பூத்தில் இருந்து குன்னூருக்குப் பேசினாள். ஞானப்பிரகாசத்தின் வீட்டு விலாசம் வேண்டும் என்றாள்.

"சொல்லிட்டானா உங்ககிட்ட?" என்றார் மேஜர்.

"சொன்னாருங்க."

"அவன் தப்பு இல்லம்மா. சைகை காட்டினது நான். கை தூக்குறதுக்கு நான்தான் லேட் பண்ணேன். விசாரணையிலும் அதைத்தான் சொன்னேன்."

"அவரு நிறுத்துங்கற கையப் பாத்துட்டேங்கறாருங்க. பாத்தும் நிறுத்தலைங்கறாரு."

"தெரியும். அவன் அப்படிச் சொல்றான், நான் இப்படிச் சொல்றேன். முப்பது வருஷமா இதேதான்." பிறகு விலாசம் சொன்னார். பூத்துக்காரப் பெண் விஜயா அதை எழுதிக் கொடுத்தாள்.

கௌசிகாவை வரவழைத்து அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு, வைகாசியில் அம்சவேணி தனியாகப் புறப்பட்டாள். சேலம், அங்கிருந்து வேலூர், அங்கிருந்து குடியாத்தம். அதற்கப்பால் ஒரு டவுன் பஸ். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். என் புருஷன்தானுங்க அந்த வண்டிய ஓட்டுனாரு. அதற்கு அடுத்த வரி அமையவே இல்லை.

பஸ் நின்ற இடத்தில் ஒரு சிமெண்ட் நிழற்குடை இருந்தது. நெற்றியில் ஞானப்பிரகாசம் பெயர். கீழே பளிங்குக் கல்லில், எதிரி டாங்கியை நேருக்கு நேர் எதிர்த்து நின்று உயிர்நீத்த வீரன் என்று வெட்டியிருந்தது. ஊர் இளைஞர் மன்றம் வைத்த கல். அம்சவேணி அதைப் படித்துவிட்டு வெகுநேரம் அந்த நிழற்குடையிலேயே உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் போகிற பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. அதுவும் போய்விட்டது.

ஞானப்பிரகாசத்தின் மனைவி ரோசம்மாளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனோடு இருந்தாள். கூடப் பட்டாளத்தில் இருந்தவரின் சம்சாரம் என்று சொன்னதும் அம்சவேணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருசத்துல அவருகூட இருந்தவங்கன்னு யாருமே வந்ததில்லம்மா. நீதான் மொத ஆளு."

சுவரில் மாலை போட்ட படம். தந்தி வந்ததையும், போரில் இறந்தார் என்று மட்டும் அதில் இருந்ததையும் ரோசம்மாள் சொன்னாள். எப்படி என்று பிற்பாடு ஊரில் யாரோ விசாரித்துச் சொன்னார்களாம். மகன் சேரை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். அப்பா போகும்போது அவருக்கு ஐந்து வயது.

"டாங்க் நேரா வந்துச்சாம். எங்கப்பா நின்ன எடத்துல இருந்து ஓரடிகூட நகரலியாம். உங்க வீட்டுக்காரரு கூட இருந்தாரா? பாத்தாரா?"

"கூடத்தான் இருந்தாருங்க," என்றாள் அம்சவேணி.

"என்னா சொல்லுவாரு?"

மூன்று பேர் முகமும் அவளைப் பார்த்திருந்தன. மருமகள் சோற்றுக் கரண்டியோடு வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"நல்ல மனுசன்னு சொல்லுவாருங்க. ஒரே தட்டுல சாப்பிட்டோம்னு சொல்லுவாரு."

ரோசம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாப்பிடாமல் போகக்கூடாது என்றாள். மீன் குழம்பு. அம்சவேணிக்கு வைகாசி முழுதும் விரதம், முருகனுக்கு. அதையும் சொல்ல வாய் வராமல் சாப்பிட்டாள். புறப்படும்போது விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு, பஸ் ஏறும்வரை ரோசம்மாள் அந்த நிழற்குடையிலேயே கூட நின்றாள்.

அடுத்த நாள் பகலில் மலை ஏறிய பஸ்ஸில், எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அம்சவேணி ஒரே விஷயத்தைத்தான் யோசித்தாள். அங்கே நடந்ததைச் சொன்னால் இவர் என்ன ஆவார்? அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னால்?

அர்த்தநாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கௌசிகா சமையலறையில் இருந்தாள்.

"சொன்னயா?"

"சொன்னேனுங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க. சோறு போட்டாங்க."

"திட்டலயா?"

"இல்லீங்க."

அவர் தரையைப் பார்த்தார். "திட்டியிருக்கோணும்," என்றார்.

சொன்னால் தீர்ந்துவிடும் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். தீரவில்லை. மறுநாள் கேட்டார்: "சரியாச் சொன்னயா? வலது டிராக்குன்னு சொன்னயா? நாந்தான் ஓட்டுனேன்னு சொன்னயா?" சொன்னேன் என்றாள். அதற்கடுத்த நாள், சொன்னபோது அந்தம்மா முகம் எப்படி இருந்தது என்று கேட்டார். இல்லாத ஒரு முகத்தை அவள் சொல்ல வேண்டியிருந்தது. அழுதார்களா? கொஞ்சம் அழுதார்கள். மகன்? பேசாமல் வெளியே போய்விட்டார். பொய் நாளுக்கு நாள் வளர்ந்தது. ஒன்றுக்கொன்று முரண்படாமல் அவள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நோய் முற்ற முற்ற அவருக்கு மறதியும் வந்தது. ஆனால் இந்தக் கேள்வி மட்டும் மறக்கவில்லை. பதில்தான் மறந்தது.

வலது சங்கிலியை அவள் ஆடியில் பூசி முடித்தாள். இடதைப் போலவே, அதே சாம்பல், அதே பென்சில் தூள். வேறு எதைப் பூசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்க்ரூடிரைவர் முனையை அடுப்பில் காட்டிப் பட்டையின் இரண்டு நுனிகளையும் சேர்த்து அழுத்தி ஒட்டி, சக்கரங்கள்மேல் ஏற்றினாள். அவரிடம் காட்டினாள். அவர் பார்த்தார். துடைக்க டர்பன்டைன் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

2001 தொடக்கத்தில் மேஜர் பெள்ளியப்பா காரில் வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்கள் வெளுத்திருந்தன. அர்த்தநாரி எழுந்து நின்று சல்யூட் வைக்க முயன்றார், கை பாதிதான் ஏறியது. மேஜர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். இருவரும் ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தியில் இரண்டு மூன்று வார்த்தை. டாங்கியை மடியில் வைத்து மேஜர் விரலால் தடவிப் பார்த்தார், சக்கரங்களை ஒவ்வொன்றாக. வலப்பக்கம் வந்ததும் விரல் சங்கிலிமேல் நின்றது. போகும்போது அம்சவேணியிடம், "நல்ல வேலை," என்றார். பிறகு, "நான் போயிருக்கணும், நீங்க போனீங்க," என்றார்.

அர்த்தநாரி 2003 கார்த்திகையில், நிற்காத மழையில், இறந்தார். கடைசி நாலைந்து மாதம் பேச்சில்லை. கரண்டியில் கஞ்சி கொடுக்கும்போது அவள் முகத்தையே பார்ப்பார். கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். "சொல்லிட்டேனுங்க," என்பாள். நம்பினாரா, ஆரம்பத்திலிருந்தே நம்பவில்லையா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

கௌசிகா கூப்பிட்டும் அவள் திருச்செங்கோட்டுக்குப் போகவில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு மலையிலேயே இருந்துவிட்டாள்.

2005இல் ரோசம்மாளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மகனின் மூத்த பையன் பட்டாளத்தில் தேர்வாகிவிட்டான். தாத்தா மாதிரியே டாங்கிப் படை. அவன் போகுமுன் உங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டுக்கொள்ள ஆசைப்படுகிறான், கூட்டி வரட்டுமா என்று கேட்டிருந்தாள்.

அம்சவேணி ஓர் இன்லேண்ட் லெட்டர் வாங்கி வந்து, இரண்டு நாள் மேஜைமேல் வைத்திருந்தாள். இப்போது யாருக்காக மறைக்கிறோம் என்று யோசித்தாள். அந்தக் கல்லை நினைத்தாள். மூன்றாம் நாள், அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது என்று எழுதினாள். பையனுக்கு என் ஆசீர்வாதம் என்று எழுதினாள். கீழே இடம் இருந்தது. டிராக் மாட்டும்போது பையன் முன்னால் நிற்க வேண்டாம், வண்டி நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கிட்டே போக வேண்டும், அவர் சொல்லச் சொன்னார் என்று எழுதி ஒட்டிவிட்டாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அவர் போன சேதி கேட்டு வீட்டில் எல்லாரும் அழுததாகவும், ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவருக்காக ஜெபித்ததாகவும் ரோசம்மாள் எழுதியிருந்தாள். பையனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவனுக்கு முன்னால் நிற்கிற வேலை இல்லையாம். டிரைவர் பயிற்சிக்குத்தான் எடுத்திருக்கிறார்களாம்.

அம்சவேணி அதை இரண்டு தடவை படித்தாள். இன்னொரு இன்லேண்ட் லெட்டர் வாங்கிவரச் செம்மேட்டுக்குக் கிளம்பினாள். பாதி வழி போனவள், அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ரோட்டோரம் நின்றாள்.